சலுகை என்று எழுதியவள்

தையல் ஆலையில் அவளுக்கு அகராதி என்று பெயர். முகத்துக்கு நேரே அகராதியக்கா, முதுகுக்குப் பின்னால் அந்த அக்காவும் கிடையாது. நிர்வாகம் ஆங்கிலத்தில் எழுதுவதையெல்லாம் கீழ்த்தளத்துப் பெண்களுக்குப் புரிகிற தமிழில் எழுதிக் கொடுப்பது பதினாறு வருடமாக அவள் வேலை. அதற்காக மேல்மாடியில் ஜன்னலோரம் ஒரு மேஜை, தலைக்கு மேல் தனி ஃபேன், அதிகாரிகள் சாப்பிடும் அறையில் ஒரு நாற்காலி. கீழே முந்நூறு பேர் வேர்வையில் ஊறிக்கொண்டு தைக்கிறார்கள். அவர்களில் ஒருத்தி அவளுடைய சொந்தத் தங்கை.

தங்கை ஒன்றும் மக்கு இல்லை. இரண்டு பேரில் ஒருத்தியைத்தான் படிக்க வைக்க முடியும் என்று அப்பா கையை விரித்தபோது, அக்காவே படிக்கட்டும், எனக்குக் கணக்கு வராது என்று சொல்லிவிட்டாள். அவளுக்குக் கணக்கு நன்றாகவே வரும். அது அக்காவுக்கும் தெரியும். தெரிந்தும் வாயைத் திறக்கவில்லை. நினைத்தால் இன்றைக்கும் சுருக்கென்று தைக்கும். நினைக்காமல் இருக்கப் பழகிக்கொண்டாள், என்ன செய்வது.

அகராதியிடம் சொற்களுக்கென்றே ஒரு நோட்டு உண்டு. பிரிவிலேஜ் என்ற ஒரே ஆங்கிலச் சொல்லுக்கு முழுப் பக்கம். சலுகை, தனியுரிமை, பாக்கியம், கொடுப்பினை என்று வரிசையாக எழுதி, எதிரே விளக்கமும் எழுதியிருந்தாள். சலுகை என்றால் கொடுத்தவர் நினைத்தால் பிடுங்கிக்கொள்ளலாம். தனியுரிமை என்றால் யாரும் தொட முடியாது. கொடுப்பினை என்றால் கிடைக்காதவர் யாரிடமும் போய்க் கேட்க முடியாது. இத்தனையும் தெரிந்தவள்தான் அந்தக் காரியத்தைச் செய்தாள்.

நான்கு வருடம் முன்பு பெண்கள் ஒன்பது நாள் மெஷின்களை நிறுத்திப் போராடி, ஆலைக்குள்ளேயே ஒரு குழந்தைகள் காப்பகம் வாங்கினார்கள். ஒப்பந்தம் ஆங்கிலத்தில் வந்தது. எந்தத் தாளானாலும் அறிவிப்புப் பலகைக்குள் ஒரே பக்கமாக அடக்கிவிடுவதில் அகராதிக்குத் தனிப் பெருமை. பிரிவிலேஜ் என்ற இடத்தில் சலுகை என்று போட்டாள். சின்னச் சொல், மேலிடம் முகம் சுளிக்காத சொல். அதற்கு அடுத்த வரியில், இரு தரப்பும் சம்மதிக்காமல் இதைத் திரும்பப் பெற முடியாது என்று இருந்தது. சலுகை என்று போட்ட பிறகு அந்த வரி ஒட்டவில்லை, பக்கமும் தாண்டிப் போனது. சரிதான் போ என்று அந்த வரியையே விட்டுவிட்டாள். இரு தரப்பும் கையெழுத்துப் போட்டது அவளுடைய தமிழ்த் தாளில்.

இப்போது புது மேலாளர் வந்திருக்கிறார். காப்பகம் இருக்கிற இடத்தில் துணி அடுக்க வேண்டுமாம். அடுத்த மாதம் முதல் இந்தச் சலுகை நிறுத்தப்படுகிறது என்று அறிவிப்பு, அதை எழுதியதும் அகராதிதான். தங்கையின் எட்டு மாதக் குழந்தை அந்தக் காப்பகத்தில்தான் கிடக்கிறது. வீட்டில் பார்த்துக்கொள்ள ஆளில்லை. காப்பகம் போனால் தங்கையின் வேலையும் போச்சு.

தொழிற்சங்கத் தலைவி ஐந்து பெண்களோடு மேலாளர் அறைக்கு ஏறி வந்தாள், தங்கையும் கூட வந்தாள். திரும்ப எடுக்க மாட்டோம் என்று அன்றைக்கு ஒத்துக்கொண்டார்களே, அது எங்கே போயிற்று என்று தலைவி பிடித்த பிடியை விடவில்லை. மேலாளரைக் கெட்ட மனிதர் என்றும் சொல்லிவிட முடியாது. ஆங்கில மூலத் தாள் தலைமை அலுவலகத்தில் இருக்கிறது, அப்படி ஒரு வரி உண்டென்றால் வரவழைக்கிறேன், காப்பகத்தில் கை வைக்க மாட்டேன் என்றார். பிறகு, அறைக்குக் கூப்பிட்டு நிறுத்தியிருந்த அகராதியின் பக்கம் திரும்பினார்.

"நீங்கதானே எழுதினீங்க. அப்படி ஏதாவது வரி இருந்துச்சா?"

அகராதி மனசுக்குள் கணக்குப் போட்டாள். இருந்தது என்றால், எடுத்தது யார் என்று அடுத்த கேள்வி வரும். மேஜை போகும், பேர் போகும். நாற்பதை நெருங்குகிற வயதில் வேறு எவன் வேலை கொடுப்பான்? தங்கை அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள், கொஞ்சமும் பயமில்லாமல்.

"இல்ல சார்," என்றாள் அகராதி. "இருந்ததத்தான் எழுதினேன்."

வெளியே வந்ததும், மேல்மாடிக்குப் போனவளுக்குக் கீழே இருக்கிறவள் கண்ணுக்குத் தெரிவாளா என்று தலைவி வெடித்தாள். தங்கைக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

"எங்கக்காவ அப்படிப் பேசாதீங்க. ஒரு வரி இருந்திருந்தா அவ சொல்லியிருப்பா. எனக்குத் தெரியாதா அவள?"

அகராதி இரண்டடி தள்ளி நின்று இதைக் கேட்டாள். வெட்கத்தில் உடம்பெல்லாம் எரிந்தது. ஆனாலும் திரும்பித் தன் மேஜைக்கே நடந்தாள்.

மாதக் கடைசியில் தங்கை குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு மேல்மாடிக்கு வந்தாள்.

"ராஜினாமா லெட்டர் எழுதிக் குடுக்கா. உனக்குத்தான் நல்லா எழுத வரும்."

அகராதி எழுதினாள். காரணம் என்ற இடத்தில் பேனா நின்றது. எழுந்து நாலு எட்டு வைத்தால் மேலாளர் அறை, கதவும் திறந்தே இருந்தது. குழந்தை அவள் முந்தானையைப் பிடித்து இழுத்தது. கடைசியில், சொந்தக் காரணங்களால் என்று எழுதி நீட்டினாள். தங்கை அதைப் படித்துக்கூடப் பார்க்காமல் கையெழுத்துப் போட்டாள்.