செம்பனைக் காட்டில் ஒளித்த டின்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், எழுதிப் பழக்கம் இல்லாதவள் நான். பதினேழு வயதில், ஐந்தாம் படிவத்தோடு படிப்பு நின்றது. நான்கு பேர் இருக்கும் இடத்தில் வாய் திறக்கவே கூச்சப்படுகிறவள் பேனாவைத் திறந்துகொண்டு வந்தால் நீங்கள்தான் பொறுத்துக்கொள்ள வேண்டும். ஒருவர் ஒரு டப்பாவை ஒளித்துவைக்க, இன்னொருவர் அந்த இடத்தின் எண்களை வைத்துக்கொண்டு தேடிப் போகும் விளையாட்டை, பாச்சாங்கில் என் வீட்டெதிரே பிள்ளைகள் இப்போது கைப்பேசியோடு ஆடுகிறார்கள். ஜியோகேச்சிங் என்று பெயராம். பெயர் தெரியாமலே நாங்கள் அதைத் தொண்ணூறுகளில் ஒருமுறை ஆடினோம், பெம்பான் பக்கத்துச் செம்பனைத் தோட்டத்தில்.

அம்மாவின் தம்பியான என் மாமா, சுங்கை ஊடாங் பக்கம் நிலம் அளக்கும் குழுவில் கம்பு பிடிக்கும் வேலையில் இருந்தார். ஒரு சனிக்கிழமை ஜிபிஎஸ் கருவி ஒன்றோடு தோட்டத் தொழிலாளர்கள் வரிசை வீடுகளில் குடியிருந்த எங்கள் லயத்துக்கு வந்தார். பாதிச் செங்கல் அளவு, சாம்பல் நிறம், மேலே கட்டை விரல் போல் ஒரு ஏரியல். முதலாளி பத்திரமாக வைத்திருக்கச் சொல்லிக் கொடுத்தாராம். மாமாவுக்குப் பத்திரம் என்றால் ஊருக்கெல்லாம் காட்டுவது.

“சாட்டலைட் கூட பேசும் பாப்பா. எங்க போட்டாலும் எடுத்துரும்.”

டின் ஒன்றை ஒளித்து, மறுநாள் கருவியை வைத்தே கண்டுபிடிப்பது என்று ஏற்பாடு. நான் பிஸ்கட் டின் கொண்டுவந்தேன். மாமா அதில் தன் லைட்டரைப் போட்டார். “நீயும் மதிப்பான சாமானா ஒண்ணு போடு. அப்பதான் தேடுறதுல ருசி” என்றார். எங்கள் வீட்டில் மதிப்பானது என்று அம்மா சொல்லி நான் கேட்டது ஒன்றே ஒன்றுதான், என் பிறப்புப் பத்திரம். எனக்குப் பன்னிரண்டு வயதாகியிருந்தது. அடையாள அட்டைக்குப் பதிய திங்கட்கிழமை அதைக் கொண்டுவரும்படி பள்ளியில் சொல்லியிருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமையே எடுத்துவிடப் போகிறோமே என்று, பிளாஸ்டிக் பையில் சுற்றி உள்ளே வைத்து மூடினேன். பைக்குள் என்ன என்று மாமா கேட்டதற்கு ரகசியம் என்றேன்.

செம்பனைக் காட்டுக்குள் நடந்தோம். கருவிக்கு வானம் தெரிய வேண்டும் என்று மாமா ஓர் இடைவெளி தேடி நின்றார். திரையில் சின்னச் சின்னக் கோடுகள் ஒவ்வொன்றாக நிமிர்ந்தன. நான்கு நிமிர்ந்தால்தான் இடம் சொல்லுமாம். கால் மணி நேரம் கொசுக்கடி வாங்கிய பிறகு எண்கள் வந்தன. வடக்கு இரண்டு பாகை, கிழக்கு நூற்றிரண்டு பாகை, பின்னால் புள்ளிவைத்து இன்னும் சில. மாமா அவற்றைச் சிகரெட் பெட்டியில் எழுதினார். மரங்களுக்கிடையே வெட்டிப் போட்டிருந்த ஒரு மட்டைக் குவியலுக்கு அடியில் டின்னைத் தள்ளினோம். அடையாளத்துக்கு மரத்தில் ஒரு துணி கட்டலாமா என்று கேட்டேன். “நம்பர் இருக்கு, துணி எதுக்கு லா?” என்றார்.

ஞாயிறு பிற்பகல் போனோம். கருவி காட்டிய குவியலைப் புரட்டினோம். இல்லை. எண் மெல்ல நகர்ந்தது. நாங்களும் நகர்ந்தோம். ஏழெட்டுக் குவியல் புரட்டியாயிற்று. எந்தப் பக்கம் திரும்பினாலும் அதே மரம், அதே மட்டை. வானம் கறுத்துக்கொண்டு வந்தது.

“விடு பாப்பா, டின்தானே. லைட்டரு போனா போவுது.”

அப்போதுதான் அழுதுகொண்டே உண்மையைச் சொன்னேன். மாமா கருவியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பிறகு லயத்தை நோக்கி ஓடினார்.

அம்மா வந்தபோது மாவுக் கையைக்கூடக் கழுவியிருக்கவில்லை. கூடவே லயத்துப் பெண்கள் பத்துப் பேர். எல்லாரும் அம்மாவோடு, செம்பனைக் குலையிலிருந்து சிதறும் உதிரிப் பழம் பொறுக்குகிறவர்கள்.

“உன் மெஷினு எவ்வளவு தூரம் தப்பா காட்டுது?” என்று அம்மா மாமாவைக் கேட்டார்.

“ஒரு பந்து திடல் அளவு இருக்கும்க்கா.”

“அப்ப அந்தத் திடலுக்குள்ளதான இருக்கு? நிரை புடிங்கடி.”

மரவரிசைக்கு ஒருவராக நிரை பிடித்து நின்றார்கள். தினமும் பழம் தேடிக் குனியும் அதே நடையில், ஒரு குவியலையும் விடாமல் முன்னே போனார்கள். பக்கத்து வீட்டு அத்தை மட்டும் வாயை மூடவில்லை. “ஏன் தம்பி, மேல இருக்குற சாட்டலைட்டுக்குத் தெரியுது, கீழ நிக்குற ஒனக்குத் தெரியல?” மாமா ஒரு நிரையில் போய்க் குனிந்துகொண்டார். அந்தக் காலத்தில் பொதுமக்களின் கருவிகளுக்கு சாட்டலைட்டை விட்ட அமெரிக்காக்காரர்கள் வேண்டுமென்றே துல்லியத்தைக் குறைத்து வைத்திருந்தார்கள் என்று வெகுநாள் கழித்துத்தான் கேள்விப்பட்டேன். பாவம், மாமாவின் பேச்சில் பாதியாவது உண்மை. தெரு வரைக்கும் அது கொண்டுவந்து விட்டிருந்தது. கதவைத்தான் நாங்கள் தட்ட வேண்டியிருந்தது.

முதல் தூறல் விழுந்தபோது அத்தையின் குரல் கேட்டது. “இந்தா! இங்க படுத்திருக்கு ஒங்க புதையலு!”

அம்மா டின்னைத் திறந்தார். தாள் நனையவில்லை. அடி விழும் என்று தோளைக் குறுக்கிக்கொண்டு நின்றேன். விழவில்லை. அம்மாவுக்கு எழுத்துத் தெரியாது. ஆனாலும் என் பெயர் இருந்த இடத்தை விரலால் தடவினார். பிறகு அதை ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டு, அந்த மட்டைக் குவியல் மேலேயே உட்கார்ந்து அழுதார்.

அம்மாவின் அடையாள அட்டை சிவப்பு, குடியுரிமை இல்லாதவர்களுக்குத் தருவது. இதே தோட்டத்தில் பிறந்தவர்தான், அதைச் சொல்ல ஒரு தாள் இல்லை. அப்பாவுடையது குடிமக்களின் நீலம். பிறப்புப் பத்திரத்தைக் காட்டினால் எனக்கும் நீலம்தான் வரும் என்று வீட்டில் பேசிக்கொள்வார்கள். அதான் டின் கிடைத்துவிட்டதே, இன்னும் ஏன் அழுகிறார் என்றுதான் அன்று எனக்குத் தோன்றியது.

மறுநாள் மழையால் பள்ளித் திடலில் காலைச் சபைக்கூடல் நடக்கவில்லை. ஆசிரியை பத்திரத்தை நகல் எடுத்துக்கொண்டு திருப்பிக் கொடுத்தார்.