நீச்சல் குளத்தில் கிடைத்த பதில்

அன்பான விசுவாசிகளே, நான் எட்டாம் வகுப்போடு நின்றவன். கப்பல் சமையலறை, லாரி, எண்ணெய்க் கிடங்கு என்று அலைந்து, எண்பதுகளின் நடுவில் டெக்சாஸில் கேட்டி என்ற ஊர்ப் பக்கம் ஒதுங்கினேன். பள்ளிப் பரீட்சையைத் தனியாக எழுதித் தேறினேன். ஒரு கல்லூரியில் சினிமா படிக்க இடமும் கிடைத்தது.

அங்கேதான் சிக்கல். படம் எடுக்கக் கற்பது ஒரு பிரிவு. படங்களைப் பார்த்து ஆராய்ந்து எழுதுவது இன்னொரு பிரிவு. திங்கட்கிழமைக்குள் ஒன்றைச் சொல்ல வேண்டும். எனக்குக் கேமரா மேல் ஆசை, எழுத்தென்றால் பயம். ஏற்கெனவே இரண்டு படிப்பைப் பாதியில் விட்டவன். தவறான பிரிவில் சேர்ந்தால் இதையும் விட்டு ஓடிவிடுவேன் என்று எனக்கே தெரியும். ஜெபக் குழுவில் சொல்லி அழுதேன்.

அந்த ஞாயிறு அப்பார்ட்மெண்ட் நீச்சல் குளத்தில் ஞானஸ்நானம். பதினைந்து வருஷம் மறுத்துவந்த சாமுவேல் அங்கிள் அன்று இறங்கினார். அவர் மனைவி, எங்கள் ஜெபக் குழுவின் கிரேஸ் ஆன்ட்டி, வீடியோ கேமராவை என் தோளில் வைத்தார். இது நன்றாக வந்தால் படம் எடுக்கும் பிரிவு என்று ஆண்டவரிடம் பேரம் பேசினேன்.

மாலையில் டிவியில் போட்டோம். புல், செருப்பு, சமோசா தட்டு, மறுபடியும் செருப்பு. கேமரா ஓடவேண்டிய நேரத்தில் நிறுத்தி, நிறுத்தவேண்டிய நேரத்தில் ஓடவிட்டிருக்கிறேன்.

"என் செருப்பு சூப்பரா நடிச்சிருக்கு, தம்பி" என்றார் அங்கிள். எல்லோரும் சிரித்தார்கள். ஆன்ட்டி மட்டும் சிரிக்கவில்லை.

"நான் கண்ண மூடி ஜெபம் பண்ணிட்டிருந்தேன்பா. டேப்ல பாத்துக்கலாம்னு இருந்தேன்."

கரையில் எல்லோருமே கண்ணை மூடியிருந்தார்கள். திறந்திருந்தவன் நான் ஒருவன்தான். பார்த்ததை வெட்கத்தோடு சொல்ல ஆரம்பித்தேன். அங்கிள் மூக்கைப் பிடித்துக்கொண்டது. எழுந்ததும் ஆன்ட்டியைத் தேடியது. ஆன்ட்டி கண் திறக்கும்வரை, குளிரில் நடுங்கியபடி படியிலேயே காத்து நின்றது. ஆன்ட்டி அழுதுவிட்டார். அங்கிள் தலையைக் குனிந்துகொண்டார்.

கண்ணைத் துடைத்துவிட்டு ஆன்ட்டி சொன்னார்: "எழுத வராதுன்னியே? இப்ப சொன்னியே, இத மாதிரியே எழுது. ஸ்பெல்லிங் நான் கரெக்ட் பண்றேன்."

திங்கட்கிழமை ஆராய்ந்து எழுதும் பிரிவில் கையெழுத்துப் போட்டேன். முதல் கட்டுரை ஆன்ட்டியின் சிவப்பு மையில் முழுகி எழுந்தது. ஆனாலும் படித்து முடித்தேன். என் வாழ்க்கையில் நான் பாதியில் விடாமல் முடித்த முதல் படிப்பு அது. ஆண்டவருக்கு ஸ்தோத்திரம்.

நீங்களும் அவரிடம் கேளுங்கள். எப்படிச் செய்ய வேண்டும் என்று மட்டும் அவருக்குச் சொல்லிக்கொடுக்காதீர்கள். இன்றும் ஜெபத்தில் எல்லோரும் கண்ணை மூடும்போது நான் ஒரு கண்ணைத் திறந்தே வைத்திருக்கிறேன். அதற்கு மட்டும் என்னை மன்னியுங்கள்.