யோகன் அண்ணை புல்லில் கட்டிய படகு

எல்லாரும் சுகமாக இருக்கிறீர்களா? பிள்ளைகள் சுகமா? வுப்பர்டாலில் இருக்கிறவர்களின் முழங்கால்கள் எப்படி? அந்த ஊரின் ஏற்ற இறக்கத்தில் முப்பது வருடம் நடந்தவர்களிடம் முதலில் முழங்காலைத்தான் விசாரிக்க வேண்டும் என்று யோகன் அண்ணை சொல்லுவார். அவருடைய முப்பத்தோராம் நாளுக்கு வருகிறவர்களின் கையில் கொடுக்கிற நினைவு மலருக்காகத்தான் இதை எழுதுகிறேன். அதனால் அவர் விசாரிக்கிற மாதிரியே விசாரித்துத் தொடங்குகிறேன். எனக்குக் கதையை நேராகச் சொல்ல வராது. கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

செய்தி வந்தபோது நான் ஹம் ஸ்டேசனில் நின்றேன். ரயில் பிந்தும் என்று அறிவித்தார்கள். அது ஒரு புதினமும் இல்லை. கையில் தமிழ்க் கடையில் வாங்கிய வெண்டிக்காய்ப் பை. அப்போது குகன் தொலைபேசி எடுத்தான். குகனை உங்களுக்குத் தெரியும். வுப்பர்டாலில் இருக்கிறவன், பகிடி இல்லாமல் ஒரு வார்த்தை பேசத் தெரியாதவன். அன்றைக்கு முதலில் மூச்சுச் சத்தம் மட்டும்தான் கேட்டது.

"எங்கை நிக்கிறாய்?"

"ஸ்டேசனிலை. ஏன்ரா?"

"இருக்க இடம் இருக்கோ?"

"என்னடா விசயம்?"

"முதல்லை இரு."

வாங்கில் இருந்தேன்.

"யோகன் அண்ணை போயிட்டார். காலமை. தேத்தண்ணி குடிச்சுக்கொண்டு இருந்தவராம். நெஞ்சைப் பிடிச்சவர், அவ்வளவுதான்."

பிந்திய ரயில் வந்தது, நின்றது, போனது. நான் எழும்பவில்லை.

யோகன் அண்ணை ஊரில் சைக்கிள் கடை வைத்திருந்தவர். இங்கே ஜெர்மனிக்கு வந்து பென்சன் எடுக்கும்வரைக்கும் பாண் சுடுகிற ஒரு தொழிற்சாலையில் வேலை. பிள்ளைகள் இரண்டு பேரும் வளர்ந்து வேறு நகரங்களுக்குப் போய்விட்டார்கள். ஹம்மில் அவரும் புஷ்பா அக்காவும்தான். அவர்கள், குகனும் விமலாவும், நானும் என் மனைவியும், இன்னும் ஒரு சோடி என்று எட்டுப் பேர் வருடத்துக்கு ஒரு பயணம் போவோம். திட்டம் போடுகிறவர் எப்போதும் யோகன் அண்ணைதான். அவர் திட்டம் போட்டால் ஒத்திகை இருக்கும். "ஒத்திகை பாக்காமல் வெளிக்கிட்டால் பாதி வழியிலை பெண்டாட்டி புருசன் முகம் பாக்காதுகள்" என்பார்.

பாரிசுக்கு வான் பிடித்துப் போனபோது, ஒரு கிழமை முன்னமே அந்த வானை அவருடைய வீட்டு வாசலில் நிறுத்தி எங்களை உள்ளே இருத்தினார். வான் ஓடவில்லை. சும்மா நின்றது. இரண்டு மணித்தியாலம் இருந்தோம். யாருக்கு எங்கே கால் நீட்ட வேண்டும், யார் யன்னலைத் திறக்கச் சொல்லுவார், யார் மூடச் சொல்லுவார் எல்லாவற்றையும் அங்கேயே பார்த்து இடத்தை மாற்றினார். வழியில் போன சனம் நின்று பார்த்தது. குகன் யன்னலால் தலையை நீட்டி, "அண்ணை, பாரிஸ் வந்திட்டுதோ? ஈபிள் கோபுரத்தைக் காணேல்லை" என்று கத்தினான். பாரிசில் என்ன பார்த்தோம் என்பது எனக்கு மறந்துபோயிற்று. வாசலில் நின்ற வான்தான் ஞாபகம்.

சரி, ஏரிக்கு வருகிறேன்.

எகிப்தில் பாலைவனத்துக்கு நடுவே அணை கட்டித் தேங்கிய ஒரு பெரிய ஏரி இருக்கிறது. அதில் மூன்று நாள் படகிலேயே இருந்து போகலாம். அறைகள் வைத்த படகு. இதை அவர் தொலைக்காட்சியில் பார்த்துவிட்டு எங்களைக் கூப்பிட்டுச் சொன்னபோது குகன்தான் முதலில் எதிர்த்தான்.

"அண்ணை, போட் ஓடத்தானே வேணும்? கிட்டவே மோனேசே ஏரி கிடக்குது. ஒரு மணித்தியாலம் காரிலை. நீங்கள் என்னெண்டால் ஒட்டகம் போற இடத்துக்குத் தண்ணி தேடிப் போறியள்."

"மோனேசேயைச் சுத்தி மரமடா" என்றார் யோகன் அண்ணை.

"மரம் நல்லதுதானே?"

"உனக்கு நல்லது."

 புஷ்பா அக்கா குசினியில் வடை சுட்டுக்கொண்டிருந்தார். விமலா, "அங்கை ஏரியிலை முதலை இருக்காமே" என்று பயந்தபோது அக்கா திரும்பிப் பார்க்காமலே, "முதலை சுடாதுதானே" என்றார்.  பிறகு குகன் வடை கேட்டான்.

புஷ்பா அக்கா படகில் ஏறமாட்டார் என்பது எங்கள் எல்லாருக்கும் தெரியும். ஊரில் சண்டையால் பாதை பூட்டியிருந்த காலத்தில் கடலோரக் களப்பைப் படகில் கடந்தபோது அவருடைய தம்பி இல்லாமல் போனான். அதற்குப் பிறகு அவர் தண்ணீரில் கால் வைத்ததில்லை. ஊன்ட்றொப் கோயில் அம்பாள் தீர்த்தமாடுகிற நாளில் எல்லாரும் கால்வாய்க் கரைக்குப் போவோம். அக்கா கோயில் வாசலில் செருப்புகளுக்குப் பக்கத்தில் நிற்பார். ஆகவே இந்தப் பயணம் நடக்குமா என்பது விமான டிக்கட்டில் இல்லை, அக்காவில்தான் இருந்தது. அவர் இல்லாமல் யோகன் அண்ணை போகமாட்டார். யோகன் அண்ணை இல்லாமல் நாங்கள் எங்கே போவது?

ஒத்திகை தொடங்கியது. கால்வாய்க்குக் கிட்ட அவருக்கு ஒரு சின்ன வாடகைத் தோட்டம் இருக்கிறது. உங்களில் பலர் அங்கே மிளகாய் ஆய்ந்திருப்பீர்கள். அந்தப் புல்லில் முளை அடித்து, உடுப்புக் காயப் போடுகிற கொடிக் கயிற்றைச் சுற்றிக் கட்டினார். படகின் அளவு அது. உள்ளே கதிரைகள், மூலையில் காஸ் அடுப்பு. ஞாயிறு காலையில் உள்ளே வந்தால் பின்னேரம் வரைக்கும் கயிற்றைத் தாண்டக்கூடாது. தாண்டினால் தண்ணீருக்குள் விழுந்ததாகக் கணக்கு. விமலா மலசலகூடத்துக்குப் போக எழும்பினால் குகன், "விமலா குதிக்கிறாள்! முதலையாரே, கவனம், அவள் கடிச்சுப்போடுவாள்!" என்பான்.

பக்கத்துத் தோட்டத்து ஜெர்மன் கிழவர் வேலிக்கு மேலால் பார்த்தார். "யோகன், இது என்ன?" என்று கேட்டார்.

"படகு."

"தண்ணீர் எங்கே?"

"எகிப்தில்."

கிழவர் தலையாட்டினார். பிறகு வீட்டுக்குள் போய் ஆப்பிள் கேக் ஒன்றோடு வந்து கயிற்றுக்கு வெளியே நின்று, "ஏறலாமா?" என்று கேட்டார். யோகன் அண்ணைக்கு அன்றைக்கு வந்த சந்தோசத்தைச் சொல்ல முடியாது. "பாத்தியளே, கேட்டிட்டு ஏறுறான் மனுசன்" என்று பத்துத் தரம் சொல்லியிருப்பார்.

புஷ்பா அக்கா ஒவ்வொரு ஞாயிறும் வருவார். கயிற்றிலிருந்து நாலு முழம் தள்ளிக் கதிரை போட்டு இருப்பார். அங்கேயிருந்தே கதைப்பார், சிரிப்பார், உள்ளே எங்களுக்குச் சாப்பாடு நீட்டுவார். உள்ளே மட்டும் வரமாட்டார். யோகன் அண்ணை ஒவ்வொரு முறையும் ஒரே ஒரு தரம் கேட்பார்.

"புஷ்பா, வாறீரோ?"

"இண்டைக்கு வேண்டாம்."

"சரி."

அவ்வளவுதான். முகம் சுருங்காது.

ஒருநாள் அக்கா கதிரையிலேயே கண்ணயர்ந்துவிட்டார். குகனுக்குக் குறும்பு. மெதுவாக இரண்டு முளையைப் பிடுங்கி, கயிற்றை இழுத்து அக்காவின் கதிரையைச் சுற்றிக் கொண்டுவந்து நட்டுவிட்டான். அக்கா இப்போது படகுக்குள். நாங்கள் வாயைப் பொத்திச் சிரித்தோம். கொட்டிலுக்குள்ளிருந்து தேநீர்க் கேத்தலோடு வந்த யோகன் அண்ணை பார்த்தார். கேத்தலைப் புல்லில் வைத்தார். குனிந்து முளைகளைப் பிடுங்கி, கயிற்றைப் பழைய இடத்திலேயே கட்டினார். 

"குகன், பகிடிக்கும் வேண்டாம்" என்றார்.

அக்கா கண்ணைத் திறக்காமலே, "தேத்தண்ணி ஆறப்போகுது" என்றார். அவர் நித்திரையில்லை என்று அப்போதுதான் எங்களுக்குத் தெரிந்தது.

அன்று மற்றவர்கள் போன பிறகு நானும் அவரும் மண்ணைக் கிண்டி உருளைக்கிழங்கு எடுத்தோம். அந்த வருடம் கிழங்கு நன்றாக விளையவில்லை, நத்தைத் தொல்லை. நத்தையைப் பற்றித்தான் கதைத்துக்கொண்டிருந்தோம். இடையில் அவராகவே சொன்னார்.

"களப்புக் கரையிலை அவள் தம்பியோடைதான் வருவனெண்டு நிண்டவள். அவனுக்கு அடுத்த போட்டிலை இடம். நான் அவளைக் கேக்கேல்லை. தூக்கி என்ரை போட்டிலை வைச்சிட்டன். அடுத்த போட் வரேல்லை. கரையிலை மரம். மரத்துக்குப் பின்னாலை நிண்டு சுட்டது ஆரெண்டு இண்டைக்கும் தெரியாது."

எனக்கு வேறென்ன சொல்லத் தெரியும்? "அண்ணை, நீங்கள் தூக்காட்டி அக்காவும் இருந்திருக்க மாட்டாவே" என்றேன்.

"அது எனக்கும் தெரியும். அவளுக்கும் தெரியும். எண்டாலும் கேக்கேல்லையே."

மண்ணைத் தட்டிக்கொண்டு எழும்பினார். "அந்த ஏரியைச் சுத்தி ஒரு மரம் இல்லையடா. வெறும் மணல். ஆர் வந்தாலும் தூரத்திலையே தெரியும். அவள் அதையாவது பாக்கட்டும். ஆனா அவளாத்தான் காலை வைக்கவேணும். வராட்டி நான் இஞ்சை புல்லிலையே மூண்டு நாளும் இருப்பன்."

ஐப்பசியில் பயணம் என்று ஒழுங்கு செய்தோம். படகில் எட்டு இடமும் பிடித்தாயிற்று. அக்கா இன்னும் "இண்டைக்கு வேண்டாம்" என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தார். அதற்குள் இந்தச் சாவு.

இனி நாங்கள் செய்ததைச் சொல்ல வேண்டும். எட்டாம் நாள், எட்டுச் செலவன்று வீடு நிறையச் சனம். அக்கா முன்னறையில் படத்துக்கு முன்னால் இருந்தார். நாங்கள் குசினிக்குள் கூடி, குரலைத் தாழ்த்தி முடிவெடுத்தோம். துடக்கு வீடு, தீட்டு கழியவில்லை. அக்காவின் காதில் படகு என்ற பேச்சே விழக்கூடாது. பயணத்தை நிப்பாட்டுவது. குகன் முன்வாசலுக்குப் போய்ப் பயண முகவரோடு பேசிவிட்டு வந்து தலையாட்டினான். எல்லாருக்கும் மனம் லேசாயிற்று. நல்லது செய்தோம் என்று நினைத்தோம். எங்கள் ஆட்களுக்கு இது கைவந்த பழக்கம். துக்கப்பட்டவருக்கு எது நல்லது என்று குசினிக்குள் நின்று நாங்களே முடிவு கட்டிவிடுவோம்.

இரண்டு கிழமை கழித்து அக்கா என்னை வரச் சொன்னார். வீட்டில் தனியாகத்தான் இருந்தார். இந்த வருடம் ஊன்ட்றொப் திருவிழாவுக்கும் போக முடியவில்லை, தேர் எப்படி என்று கேட்டார். சொன்னேன். மழை பெய்ததைச் சொன்னேன். கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "போட் என்ன மாதிரி?" என்றார்.

 "நிப்பாட்டிப் போட்டம் அக்கா."

"ஆர் சொன்னது?"

"நாங்கள்தான்... உங்களுக்காண்டி."

"என்னைக் கேட்டனீங்களோ?"

அக்கா அண்ணையின் படத்தைத் திரும்பிப் பார்த்தார்.

"அந்த மனுசன் ஒருக்காக் கேக்காமல் விட்டதுக்கு முப்பது வருசமாக் கேட்டுக்கொண்டு திரிஞ்சவர். தேத்தண்ணி போடுறதெண்டாலும் கேப்பார். வெளியிலை போவமோ, ரீவியை நிப்பாட்டவோ, லைற்றை நூக்கவோ. எனக்குச் சிலநேரம் எரிச்சலாயிருக்கும், ஓமெண்டுதானே சொல்லப்போறன், ஏன் கேக்கிறியள் எண்டு பேசியிருக்கிறன். அவர் போய் எட்டு நாளிலை நீங்கள் எல்லாரும் கூடி என்னைக் கேக்காமல் இறக்கி விட்டிட்டியள்."

"அக்கா, நீங்கள் வாறனெண்டு சொல்லேல்லையே..."

"வரமாட்டனெண்டும் ஒருநாளும் சொல்லேல்லை. இண்டைக்கு வேண்டாம் எண்டுதான் சொன்னனான்."

அவர் அழவில்லை. நான்தான் அழுதேன். அழுது முடியும்வரைக்கும் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு நான் கேட்டேன்.

"அக்கா, வாறியளோ?"

"யோசிச்சுச் சொல்லுறன்" என்றார்.

வெளியே வந்து குகனுக்கு எடுத்தேன். அவன் பகிடி விடவில்லை. முகவரோடு திரும்பக் கதைத்தான். இடங்கள் இன்னும் வேறு யாருக்கும் போகவில்லையாம், கொஞ்ச நாள் வைத்திருப்பார்களாம். எட்டு இடத்தையும் அப்படியே வைக்கச் சொன்னான். ஏழு என்று சொல்ல அவனுக்கும் வாய் வரவில்லை.

யோகன் அண்ணையைத் தெரிந்தவர்களே, அவருடைய பொருள் ஒன்றும் என்னிடம் இல்லை. அவருடைய கேள்வியை மட்டும் வைத்திருக்கிறேன். முந்தாநாள் என் மனைவியிடம், "தேத்தண்ணி போடவோ, சீனி எவ்வளவு?" என்று கேட்டேன். "கலியாணம் கட்டி இவ்வளவு காலத்துக்குப் பிறகு இதென்ன புதுசாய்? சுகமில்லையோ?" என்று நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். பிறகு மெல்லச் சொன்னாள், தனக்குச் சீனியே பிடிக்காதாம். இத்தனை வருடமும் நான் இரண்டு கரண்டி போட்டுக் கொடுத்திருக்கிறேன். அவளும் குடித்திருக்கிறாள். கேட்டிருந்தால் எப்போதோ தெரிந்திருக்கும். யோகன் அண்ணை எனக்கு விட்டுப்போனது இதுதான். இனி நான் யாருக்கு நல்லது செய்ய நினைத்தாலும் முதலில் அவர்களிடம் போய்—

"இஞ்சாருங்கோ, எழுதினது போதும்! புஷ்பா அக்கா ஃபோனிலை நிக்கிறா. போட்டிலை சீலையோடை ஏற ஏலுமோ எண்டு உங்களைக் கேக்கட்டாம். கெதியா வாங்கோ!"