குணா அண்ணனின் புத்தாண்டுப் பெரட்டு

செய்தி வாட்ஸ்அப்பில் வந்தது. "குணா அண்ணே காலையில தவறிட்டாரு" என்று கிடங்கில் வேலை செய்யும் மணி எழுதியிருந்தான். புத்தாண்டுக்கு இன்னும் ஐந்து நாள் இருந்தது. ஈப்போ ஜெலாப்பாங் தொழிற்சாலையில் நான் அப்போதுதான் காலை வேலைக்குக் கையுறை மாட்டிக்கொண்டிருந்தேன். பாதி மாட்டிய கையுறையோடு தொட்டதில் கட்டைவிரல் படத்தை அழுத்திவிட்டேன். மரணச் செய்திக்குச் "சபாஷ்" போட்ட முதல் ஆள் நானாகத்தான் இருப்பேன். அழிப்பதற்குள் பதினொரு பேர் பார்த்துவிட்டார்கள். இது தெரிந்தால் அண்ணன் ஒரு மாதத்துக்குச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பாரே என்று நினைத்தேன். அப்போதுதான் அழுகை வந்தது.

பதினாறாம் நாள் காரியத்தில் வாசிக்க இதை எழுதும்படி அவர் மனைவி வசந்தா அண்ணி கேட்டுக்கொண்டார். பதினைந்து வயதில் மூன்றாம் படிவத்தோடு பள்ளிக்கூடத்துக்கு முழுக்குப் போட்டவன் நான். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். அவரோடு வேலை செய்த உங்களுக்கு அவரைப் பற்றி நான் புதிதாக எதுவும் சொல்லிவிடப் போவதில்லை. ஆனால் அவர் என்னை எங்கே தள்ளிவிட்டார் என்பது உங்களில் பலருக்குத் தெரியாது.

அண்ணன் சுங்கை சிப்புட் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் பிறந்தவர். தோட்டத்தைப் பற்றிப் பெருமூச்சு விடுகிற ஆள் இல்லை. "தோட்டத்துல எனக்குப் புடிச்சது ஒன்னே ஒன்னுதான்லா, பெரட்டு. மத்ததெல்லாம் கொசு" என்பார். காலையில் ஆட்களை வரிசையாக நிற்க வைத்துப் பெயர் கூப்பிடுவதுதான் பெரட்டு. அதை அவர் ஈப்போவுக்குக் கொண்டுவந்தார். ஒவ்வொரு ஜனவரி முதல் தேதியும் காலை பத்து மணிக்குத் தொழிற்சாலைக்கு எதிரே உள்ள தேநீர் ஒட்டுக்கடையில் நாங்கள் ஆறு பேர் கூடுவோம். அண்ணன் எழுந்து நின்று தோட்டத்தில் பெயர் கூப்பிடும் கிராணியார் மாதிரி தொண்டையைச் செருமிக்கொண்டு ஒவ்வொரு பெயராகக் கூப்பிடுவார். பெயர் வந்தவன் எழுந்து, போன ஆண்டு கொடுத்த வாக்கு என்ன ஆயிற்று என்று சொல்லிவிட்டுப் புது வாக்கு ஒன்று கொடுக்க வேண்டும். ஒன்றே ஒன்றுதான். இரண்டு சொன்னால் உட்காரச் சொல்லிவிடுவார்.

"முடிஞ்சதா, முடியலையா, அத மட்டும் சொல்லு. கதையெல்லாம் தேத்தண்ணி வந்தப்புறம்" என்பது அவர் சட்டம். தனக்கும் அதே சட்டம்தான். ஒரு வருடம் சைக்கிளில் தைப்பிங் வரை போவேன் என்று வாக்குக் கொடுத்தார். மறு வருடம் எழுந்து, "முடியல. அடுத்த ஆளு" என்றார். தேநீர் வந்த பிறகுதான் கதை வெளியே வந்தது. பாதி வழியில், கோலகங்சாரிலேயே மழை பிடித்துக்கொண்டதாம். சைக்கிளை லாரியில் ஏற்றி, டிரைவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து தூங்கிக்கொண்டே வீடு வந்து சேர்ந்தாராம்.

இன்னொரு சட்டம்தான் என்னை மாட்டிவிட்டது. வாக்கு என்பது அடுத்தவன் கண்ணுக்குத் தெரிய வேண்டும். மணி ஒரு தடவை தொப்பையைக் குறைப்பேன் என்றான். "பெல்ட்டுல எத்தனாவது ஓட்டைன்னு சொல்லுடா" என்றார். என் முறை வந்தது. அந்த வருடம் நான் நல்ல தகப்பனாக இருக்கப் போவதாகச் சொல்லிவிட்டு, கைதட்டுவார்கள் என்று காத்திருந்தேன்.

"நல்ல அப்பாவ நான் எங்கலா வந்து பாக்குறது?" என்றார் அண்ணன். "மக பள்ளிக்கூடத்துல ரிப்போர்ட் கார்டு குடுக்குற நாளுக்குப் போயிருக்கியா?"

"அதுக்கு வீட்டுக்காரி போவாண்ணே."

"மக உங்க ரெண்டு பேருக்கும்தானே? இந்த வருஷம் நீ போற. போயி சிக்குகிட்ட ஒரு கேள்வி கேக்குற. அதான் உன் வாக்கு. உக்காரு."

உட்கார்ந்துவிட்டேன். சிக்கு என்று இங்கே கூப்பிடும் ஆசிரியர்களின் மேசை என்றாலே எனக்கு ஓடத் தோன்றும். படித்த காலத்தில் வகுப்புக்கு உள்ளே இருந்ததைவிட வெளியே நின்றதுதான் அதிகம். மகள் யாழினிக்கு அப்போது பதினான்கு வயது, இரண்டாம் படிவம். அவள் ஆசிரியை முன்னால் உட்கார்ந்தால் என் லட்சணம் தெரிந்துவிடும், பிள்ளைக்கு வெட்கமாகப் போய்விடும் என்று பயந்தேன். இத்தனை வருடம் வேலை, வேலை என்று நான் தட்டிக்கழித்ததற்கு அதுதான் காரணம்.

ஆனாலும் போனேன். தீபாவளிச் சட்டையைப் போட்டுக்கொண்டு போனேன். எந்த வகுப்பு என்று யாரையாவது கேட்டிருக்கலாம். கேட்க வெட்கப்பட்டு, வரிசை நீளமாக இருந்த வகுப்பு வாசலில் போய் உட்கார்ந்தேன். ஆசிரியை ஏதோ ஒரு தமிழ்ப் பிள்ளையின் பெயரைக் கூப்பிட்டார். பயத்தில் எனக்குக் காது அடைத்திருந்தது. யாரும் எழுந்திருக்கவில்லை. அந்த வரிசையில் தமிழ் முகம் என்னுடையது ஒன்றுதான். எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். நான் எழுந்து போனேன்.

அறிவியலில் ஏ. கணிதத்தில் ஏ. பள்ளி ஹாக்கி அணியில் முக்கியமான ஆட்டக்காரி. ஆசிரியை மலாயில் புகழ்ந்துகொண்டே போனார். நான் தலையை ஆட்டிக்கொண்டே இருந்தேன். காட்டிய இடத்தில் கையெழுத்தும் போட்டேன். வரும் வழியில் கடையில் நிறுத்தி, ஹாக்கி ஆடுகிற பிள்ளைகள் போடும் நீளமான காலுறை இரண்டு ஜோடி வாங்கினேன்.

"யாருப்பா ஹாக்கி ஆடுறது?" என்றாள் யாழினி.

என் மனைவி அடுப்படித் தரையிலேயே உட்கார்ந்து சிரித்தாள். யாழினியும் சிரித்தாள், ஆனால் சீக்கிரம் நிறுத்திவிட்டாள். "அப்போ என் கார்டை யாருமே பாக்கலையா?" என்றாள்.

மறுநாள் கிடங்கில் அண்ணனிடம் சொன்னேன். அவர் ஒரு பெட்டிமேல் சாய்ந்து, கண்ணில் நீர் வரும்வரை சிரித்தார். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு கேட்டார். "பத்து நிமிஷம் உக்காந்திருந்தியே, ஒரு தடவகூட இது நம்ம புள்ள இல்லன்னு தோணலையா?"

தோன்றவில்லை. அதுதான் உண்மை. மகள் ஹாக்கி ஆடுவாளா மாட்டாளா என்று தெரியாத அளவுக்குத்தான் நான் அவளைத் தெரிந்து வைத்திருந்தேன்.

"திரும்பப் போ. நானும் வாரேன்" என்றார். அரை நாள் விடுப்புப் போட்டுவிட்டு என் மோட்டார் சைக்கிளில் பின்னால் ஏறிக்கொண்டார். பள்ளி வாசலில் இறங்கியவர் உள்ளே வரவில்லை. "அது உன் வேலைலா. நான் ஐஸ் கச்சாங் சாப்பிடுறேன்" என்று மரத்தடியில் ஐஸ் துருவி விற்கும் வண்டிப் பக்கம் உட்கார்ந்துவிட்டார்.

இந்தத் தடவை காவலாளி, பியூன், எதிரே வந்த மாணவன் என்று கண்ணில் பட்ட எல்லோரையும் வழி கேட்டுக்கொண்டு போனேன். சரியான ஆசிரியையிடம் நடந்ததைச் சொன்னேன். அவர் சிரிப்பை அடக்க மேசைக்குக் கீழே எதையோ தேடுவது போல் குனிந்துகொண்டார். யாழினியின் கார்டில் பி கொஞ்சம், சி நிறைய. கையெழுத்துப் போட்டுவிட்டு என் கேள்வியைக் கேட்டேன். "வகுப்பில் என் மகள் எப்படிப்பட்ட பிள்ளை?"

ஆசிரியை கார்டை மூடி வைத்தார். புதிதாக யார் வந்து சேர்ந்தாலும் முதலில் போய்ப் பக்கத்தில் உட்காருவது யாழினிதான் என்றார். வகுப்பில் யாராவது அழுதால் இவள் ஏதாவது சொல்லிச் சிரிக்க வைத்துவிடுவாளாம். இதெல்லாம் கார்டில் எழுத இடமில்லை என்றார்.

சிரித்துக்கொண்டே வெளியே ஓடிவந்தேன். "மார்க்கு என்ன?" என்றார் அண்ணன். "நெறைய சி" என்றேன். "சி எடுத்ததுக்கு இம்புட்டுச் சிரிப்பாலா?" என்று கேட்டுவிட்டு, எனக்கும் ஒரு ஐஸ் கச்சாங் சொன்னார்.

யாழினி இப்போது காம்பாரில் பல்கலைக்கழகத்தில் படிக்கிறாள். இந்த ஜனவரி முதல் தேதி ஒட்டுக்கடையில் கூடுவதா வேண்டாமா என்று நாங்கள் தயங்கிக்கொண்டிருந்தபோது, வசந்தா அண்ணியே வந்து நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "உங்க அண்ணே இருந்தா லீவு விடுவாரா? ஆரம்பிங்க தம்பி" என்றார்.

என் முறை வந்தது. ஒவ்வொரு ஞாயிறும் மகளுக்குப் போன் போட்டு, "சாப்பிட்டியா, காசு இருக்கா" தவிர வேறு ஒரு கேள்வி கேட்பேன் என்றேன்.

"அத நாங்க எப்படிப் பாக்குறது?" என்றார் அண்ணி.

"மக நம்பர் தாரேன் அண்ணி. அவகிட்டயே கேட்டுக்குங்க."

முதல் ஞாயிறு போன் போட்டு, இந்த வாரம் உன்னைச் சிரிக்க வைத்தது எது என்று கேட்டேன். "அப்பா, ஒடம்பு கிடம்பு சரியில்லையா?" என்றாள். பிறகு நாற்பது நிமிடம் பேசினாள். பாதி எனக்குப் புரியவில்லை. புரியாத இடத்தில் நான் தலையை ஆட்டவில்லை, "அப்படின்னா என்னம்மா?" என்று கேட்டேன். அவள் திரும்ப முதலிலிருந்து சொன்னாள். குணா அண்ணனிடமிருந்து எனக்கு மிஞ்சியது இப்படிக் கேள்வி கேட்கிற பழக்கம்தான். அதை நான் விடுவதாக இல்லை.