ஊரடங்கில் வந்த நீலாவதி

நம்புவதும் நம்பாததும் உங்கள் பாடு. இது நடந்தது. நடுராத்திரியில்கூட இல்லை. பட்டப்பகலில், பலகைச் சுவரில் வெயில் சுள்ளென்று அடித்துக்கொண்டிருந்தபோது. பேய் வர இருட்டு வேண்டும் என்று அடித்துப் பேசுகிறவர்கள் ஐம்பத்திரண்டாம் வருஷம் மலாயாவில் பெடாஸ் பக்கத்து அந்தத் தோட்டத்தில் இருந்திருக்க மாட்டார்கள்.

அவசரகாலம் அது. காட்டுக்குள்ளே கம்யூனிஸ்ட் துப்பாக்கிக்காரர்கள், காட்டுக்கு வெளியே சர்க்கார் துப்பாக்கிக்காரர்கள், நடுவில் ரப்பர் மரத்தில் பால் வெட்டிப் பிழைக்கிற சனங்கள். லயத்து வீடுகளைச் சுற்றி முள்வேலி போட்டு ஒரே ஒரு கேட் வைத்திருந்தார்கள். அந்த மாதம் கிடங்கிலிருந்து நாலு மூட்டை அரிசி காட்டுக்குப் போய்விட்டது. யார் கொடுத்தது என்று கேட்டார்கள். ஒருவரும் வாயைத் திறக்கவில்லை. அப்படியானால் கதவையும் திறக்காதே என்று உத்தரவு போட்டுவிட்டார்கள். காலை ஆறிலிருந்து எட்டு வரை வெளியே வரலாம். மீதி இருபத்திரண்டு மணி நேரமும் கதவு சன்னல் எல்லாம் சாத்தியிருக்க வேண்டும். தலையை நீட்டினால் சுடுவார்களாம். ஒரு கணக்கப்பிள்ளை தெருத்தெருவாக வந்து தமிழில் சொல்லிவிட்டுப் போனார்.

மூன்றாவது நாள், பகல் பதினொன்று நாற்பதுக்குப் பஞ்சாலை என்பவளுக்கு இடுப்புவலி எடுத்தது.

தலைப்பிரசவம். துணைக்கு ஆள் இல்லை. புருஷன் தங்கராஜு பால் லாரி ஓட்டுகிறவன். உத்தரவு வந்த அன்று சிரம்பானுக்குப் போனவன் திரும்பி உள்ளே வர முடியாமல் வெளியிலேயே நின்றுவிட்டான். எட்டு வீட்டு லயத்தில் பஞ்சாலையுடையது கடைசி வீடு. மருத்துவச்சி மங்கம்மா இருந்தது முதல் வீட்டில். கூப்பிடு தூரம்தான். கூப்பிட்டு என்ன செய்ய?

ஏழாவது வீடு காலி. அதில் இருந்தவள் நீலாவதி. பஞ்சாலைக்குப் பக்கத்து ரப்பர் மர நிரையில் பால் வெட்டியவள். இருபது நாளுக்கு முன்னால் பிரசவத்தில் செத்துப்போனாள். பிள்ளை வெளியே வரவே இல்லை. பிள்ளையை எடுத்துவிட்டுத்தான் தாயைப் புதைக்க வேண்டும் என்பது நம் வழக்கம். அன்றைக்கு அதற்கு நேரமில்லை. சாயங்காலம் ஆறு மணிக்குள் கேட்டுக்குத் திரும்பியாக வேண்டும். வயிற்றுப் பிள்ளையோடு அப்படியே கொண்டுபோய்ப் புதைத்துவிட்டு வந்தார்கள். அவள் புருஷன் வீட்டைப் பூட்டிக்கொண்டு அண்ணன் இருந்த தோட்டத்துக்குப் போய்விட்டான்.

அன்றிலிருந்து பஞ்சாலைக்குத் தூக்கம் கிடையாது. சோற்றில் கை வைத்தால் நீலாவதி நினைப்பு. கண்ணை மூடினால் நீலாவதி முகம். எனக்கும் இப்படித்தான் ஆகப்போகிறது என்று ஒரே அரிப்பு. பார்த்தவர்கள் பாவப்பட்டு ஆளுக்கொரு கயிறு மந்திரித்துக் கட்டிவிட்டார்கள். மணிக்கட்டில் இரண்டு, புஜத்தில் ஒன்று, இடுப்பில் ஒன்று, கணுக்காலில் ஒன்று. பொட்டலம் கட்டினாற்போல் இருந்தாள். பயம் மட்டும் இம்மியும் குறையவில்லை. பயந்து பயந்தே உடம்பு ஓய்ந்து, வலி வந்தபோது அதைத் தாங்கத் தெம்பில்லாமல் கிடந்தாள் பாவம்.

பன்னிரண்டரைக்குக் கூவினாள். ஆறாவது வீட்டு மாரியம்மாவுக்குக் கேட்டது. லயத்தில் வீட்டுக்கு வீடு தடுப்பு ஒரு பலகைதான், அதுவும் கூரை வரை போகாது. மாரியம்மா ஐந்தாவது வீட்டுக்குச் சொல்ல, அது நாலாவதுக்குப் போக, அப்படியே மங்கம்மா வரை போய்ச் சேர்ந்தது. பதிலும் அதே வழியில் வீடு வீடாகத் திரும்பி வந்தது.

"படுத்துக் கெடக்காதயாம்! நடந்துக்கிட்டே இருக்கணுமாம்!"

"அவங்கள வரச் சொல்லுங்கக்கா!"

"எப்புடி லா வருவாங்க? காலைல ஆறு மணிக்கு மொத ஆளா வந்துருவாங்களாம்!"

வெளியே ஒரு சிப்பாய் "டியாம்!" என்று அதட்டினான். லயமே வாயை மூடிக்கொண்டது.

ஒன்று முப்பத்தைந்து. பனிக்குடம் உடைந்தது. வலி இடைவிடாமல் வந்தது. பிள்ளை இறங்கவில்லை. பஞ்சாலை சுவரைப் பிடித்து நடந்தாள், உட்கார்ந்தாள், மறுபடி நடந்தாள். நீலாவதிக்கும் இப்படித்தான் நின்றதாம்.

மாரியம்மாவின் குரல் காலி வீட்டைத் தாண்டி எட்டி வந்தது. இந்தத் தடவை அடக்கிய குரல்.

"வீட்டுல ஒரு முடிச்சு இருக்கக் கூடாதாம்! எல்லாத்தயும் அவுத்து வுடு. மூடி, பூட்டு... ஒண்ணு வுடாமத் தொறந்து வையி!"

பிள்ளை தங்கி நின்றால் செய்கிற வழக்கம் அது. வீட்டில் எதுவும் கட்டியும் மூடியும் கிடக்கக் கூடாது. பஞ்சாலை டிரங்குப் பெட்டியைத் திறந்தாள். மிளகாய் டப்பா, உப்பு சாடி, மண்ணெண்ணெய் டின் எல்லாம் திறந்தாள். துணி மூட்டையை அவிழ்த்தாள். கொசுவலைக் கயிற்றை அவிழ்த்தாள். கொண்டையை அவிழ்த்துவிட்டாள். தாலி ஒன்றைத்தான் தொடவில்லை.

மிச்சம் இருந்தது உடம்பில் கட்டிய கயிறுகள்.

அவை நீலாவதி வராமல் இருக்கக் கட்டியவை. அடுத்த வலி வந்து ஆளையே சுருட்டிப் போட்டது. பிள்ளையா, கயிறா? பல்லால் கடித்து ஒவ்வொன்றாக அவிழ்த்தாள்.

கணுக்கால் கயிறு கடைசி. அது அவிழ்ந்தபோது கடிகாரத்தில் இரண்டு இருபது.

"பயப்படாத..."

மாரியம்மாவின் குரல் இல்லை அது. மாரியம்மா பேசினால் தூரத்தில் கேட்கும். இது பலகைக்கு அந்தப் பக்கம், காதோரமாகக் கேட்டது.

காலி வீட்டிலிருந்து.

பஞ்சாலை மூச்சை அடக்கிக்கொண்டாள்.

க்ரீச்...

பக்கத்து வீட்டுக் கதவு. பூட்டிக் கிடந்த கதவு.

தட்.

கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை.

தட்.

சிப்பாய்களின் பூட்ஸ் சத்தம் மூன்று நாளாகக் கேட்டுப் பழகியிருந்தது. ஒரு கால், மறு கால் என்று போகும். இது வேறு. இரண்டு காலையும் சேர்த்து வைத்து யாரோ குதித்துக் குதித்து வந்தார்கள். மிகவும் களைத்துப்போனவர்கள் வருவதுபோல் இருந்தது.

தட்... தட்...

பஞ்சாலையின் வாசலில் வந்து நின்றது.

மணி இரண்டு முப்பத்திரண்டு.

"பஞ்சால... கதவத் தொற."

நீலாவதியின் குரல். சந்தேகமே இல்லை. நாலு வருஷம் நிரைக்கு நிரை கூவிப் பேசிய குரல்.

"போயிரு நீலா... எம்புள்ளய வுட்டுரு..."

"உள்ள வரல."

"போயிரு..."

"இத மட்டும் அவுத்து வுடேன்... என்னால குனிய முடியல."

வலி வந்தது. முதுகு உடைந்துவிடும்போல் இருந்தது. வீட்டில் திறக்காமல் இருந்தது அந்த ஒரு கதவுதான். திறந்தால் சிப்பாய் சுடுவான். திறந்தால் நீலாவதி நிற்பாள். திறக்காவிட்டால் பிள்ளை வராது.

பயப்படுவதற்கும் உடம்பில் கொஞ்சம் தெம்பு வேண்டும். பஞ்சாலையிடம் அது தீர்ந்துபோயிருந்தது. இருபது நாள் பயந்தாயிற்று. போதும், என்ன வேண்டுமானாலும் ஆகட்டும் என்று தவழ்ந்து போய்த் தாழ்ப்பாளை நீக்கினாள்.

கதவு நாலு விரற்கடை திறந்தது.

இரண்டு பாதங்கள்.

ஈர மண்.

கால் பெருவிரல் இரண்டையும் சேர்த்து ஒரு வெள்ளைத் துணிக் கிழிசல் கட்டியிருந்தது.

பஞ்சாலை மேலே பார்க்கவில்லை.

கையை நீட்டினாள். முடிச்சு நனைந்து இறுகிப்போயிருந்தது. நகம் நுழையவில்லை. விரல்கள் சில்லென்று...

இழுத்தாள்.

இன்னும் இழுத்தாள்.

அவிழ்ந்தது.

"அப்பாடா..."

ஒரு கால். மறு கால். ஒரு கால். மறு கால். சாதாரணமாக நடந்து போகிற சத்தம். அது கேட் பக்கமாகப் போய்த் தேய்ந்து மறைந்தது.

மணி இரண்டு நாற்பத்தைந்து.

மூன்று ஐந்துக்குக் குழந்தை பிறந்தது. பெண். பிறந்ததுமே லயம் முழுவதும் கேட்கிற மாதிரி வீரிட்டு அழுதது.

மூன்றே காலுக்கு மங்கம்மா வந்துவிட்டாள். கேட்டில் காவல் இருந்த சந்திரன் வெள்ளைக்கார அதிகாரியிடம் கெஞ்சிக் கூத்தாடி அவளைத் தானே கூட்டிவந்திருந்தான். கொடியை அறுத்து, தாயையும் பிள்ளையையும் துடைத்துப் படுக்க வைத்தபோது, வாசற்படியருகே கிடந்த துணிக் கிழிசலை மங்கம்மா பார்த்தாள். எடுத்துப் பார்த்தவள் அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

"இது ஏதுடி ஒனக்கு? நாங் கிழிச்சுக் கட்டுனதாச்சே..."

பிணத்துக்குக் கால்விரல் கட்டுவதும், குழியில் இறக்குமுன் அதை அவிழ்த்துவிடுவதும் எல்லோருக்கும் தெரிந்த முறை. மங்கம்மா கட்டினாள். அவிழ்க்க வேண்டியவர்கள் தூக்கிப்போன ஆறு பேர். அவர்களில் ஒருவனான ராமசாமியைப் பிடித்து மறுநாள் காலையில் உலுக்கி எடுத்தாள். அவன் முதலில் மழுப்பினான், பிறகு அழுதுவிட்டான்.

"மணி அஞ்சே முக்கால் ஆயிருச்சுக்கா. சிப்பாய் செப்பாட், செப்பாட்னு வெரட்டுறான். அவுக்காமயே மண்ணத் தள்ளிட்டோம்."

ஒன்பது நாள் கழித்து ஊரடங்கு தளர்ந்தது. தங்கராஜு மகளைப் பார்க்க ஓடிவந்தான். கையோடு சந்திரனையும் தேடிப்போய்க் கும்பிட்டான்.

"எம்மக அழுவுற சத்தங் கேட்டுத் தொரகிட்ட ஓடுனியாம்லா. நீ நல்லாருக்கணும் தம்பி."

அந்த ஒன்பது நாளில் சந்திரன் பாதியாக இளைத்திருந்தான்.

"ஒங்க மக அழுததக் கேட்டு ஓடலண்ணே. அதுக்கு முன்னாடியே ஓடிட்டேன்."

"அப்பறம்?"

"லயத்துலேருந்து ஒரு பொம்பள நடந்து வந்துச்சு. துப்பாக்கியத் தூக்குனேன், கை எந்திரிக்கல. கேட்டுல பூட்டு தொங்குது. அது அந்தப் பக்கம் போயிருச்சு. மணி பாத்தேன், ரெண்டு அம்பது." சந்திரன் கேட்டைத் திரும்பிப் பார்த்தான். "கையில பச்சப் புள்ளண்ணே... அந்தப் புள்ள அழுதுக்கிட்டே போச்சு."