எரியுதா அண்ணே?

இந்த வருடத்தின் சிறந்த மெக்கானிக் என்று என் சகலையின் படத்தை ஒர்க்‌ஷாப் சுவரில் மாட்டப்போகிறார்கள். படத்துக்குக் கீழே போட அவனைப் பற்றி ஐந்து வரி எழுதித் தரச்சொன்னார் முதலாளி. ஃபோர்மேன் நான்தானே. மூன்று நாளாக எழுதுகிறேன், ஐந்து வரிக்குள் நிற்க மாட்டேன் என்கிறது.

என் மனைவியின் தங்கையைக் கட்டியவன். ஒர்க்‌ஷாப்பில் அவனுக்கு ஃபோர்வீல் என்று பெயர். கியர், ஆக்ஸில், நாலு சக்கரமும் இழுக்கிற வண்டிகள், எல்லாம் அவன் கை. நான் ஒயரிங், லைட். எனக்குப் பல்பு என்று பெயர். அவனுக்கு வைத்ததையும் பாருங்கள், எனக்கு வைத்ததையும் பாருங்கள்.

நான் சேர்ந்து பதினோரு வருடம் கழித்து வந்தவன். வேலைக்குச் சேர்த்துவிட்டதே நான்தான், அந்தப் புத்தியைச் செருப்பால் அடிக்கவேண்டும். ஒரு வண்டியைக் கழற்றினால், கழற்றிய நட்டுகளைத் துடைத்துத் துணியில் வரிசையாக அடுக்குவான். வேலை முடிந்தால் தரையில் ஒரு சொட்டு ஆயில் இருக்காது. முதலாளி பாராட்டினார், தொலையட்டும். மாமியாரும் பாராட்டினார். எல்லோரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது, "சின்ன மாப்பிள்ளை கை வச்சா அந்த எடமே சுத்தமாயிடுது" என்றார். பெரிய மாப்பிள்ளை நான் எதிரில்தான் உட்கார்ந்திருந்தேன். என் மனைவியும் தலையாட்டினாள். எனக்கு வயிறு எரிந்தது. சாப்பாட்டில் ஒரு குறையும் இல்லை.

அடுத்த வாரம் நர்ஸம்மாவின் கார் வந்தது. சேற்றுப் பாதையில் மேட்டு வீடுகளுக்கு ஏறிப் போகிற சின்ன கார். சாதாரணமாக முன் சக்கரம் இரண்டும்தான் இழுக்கும். சேறு வந்தால் ஒரு பட்டனை அமுக்கவேண்டும். அடியில் ஒரு குட்டி மோட்டார் திரும்பி, பின் சக்கரங்களுக்குப் போகிற ஷாஃப்ட்டை இன்ஜினோடு கோத்துவிடும். கோத்ததும் டேஷ்போர்டில் பச்சை விளக்கு எரியும். அன்றைக்கு அந்தப் பக்கம் வேலையே இல்லை. முன் லைட் இரண்டையும் மாற்றவேண்டும், அவ்வளவுதான். என் வேலை.

நானும் சுத்தக்காரன் என்று காட்டவேண்டாமா? எர்த் போல்ட் துருப்பிடித்திருந்தது. பேட்டரியிலிருந்து ஒயர் வழியாகப் போகிற கரண்ட், பல்பை எரியவைத்துவிட்டு வண்டியின் இரும்பு உடம்பு வழியாகத்தான் திரும்பும். ஒயர் அந்த இரும்பைத் தொடுகிற இடம்தான் எர்த். அங்கே இரும்பு பளிச்சென்று தெரியவேண்டும், நடுவில் எதுவும் இருக்கக்கூடாது. நேற்றுத் தொழிலுக்கு வந்தவனுக்கும் இது தெரியும். நான் துருவைச் சுரண்டினேன், பார்க்க லட்சணமாக இருக்கட்டும் என்று கறுப்புப் பெயிண்ட் அடித்தேன், காய்ந்ததும் அதன் மேலேயே ஒயரை வைத்து முறுக்கினேன். போல்ட்டின் மரையைப் பிடித்துக்கொண்டு ஏதோ கொஞ்சம் கரண்ட் திரும்பியிருக்கிறது, லைட் எரிந்தது. நர்ஸம்மா எட்டிப் பார்த்து, "புதுசு மாதிரி இருக்கே" என்றார். எனக்குக் காது கேட்காத மாதிரி நடித்து, ஃபோர்வீல் பக்கத்தில் வந்ததும் இன்னொரு தடவை சொல்லவைத்தேன்.

மழை பிடித்ததும் அதே கார் திரும்பி வந்தது.

"பச்சை லைட்டு வருது, உடனே போயிடுது. பின்னாடி சக்கரம் இழுக்கவே மாட்டேங்குது. ஒரு பிரசவத்துக்குப் பாதி மேட்டுல எறங்கி நடந்தேன்யா" என்றார் நர்ஸம்மா.

ஃபோர்வீல் அடியில் படுத்துக் கியர் பெட்டியைக் கழற்றினான். ஒரு பல்கூடத் தேயவில்லை. மாட்டி ஓட்டினான், நாலு சக்கரமும் ஜோராக இழுத்தது. நாலாம் நாள் கார் திரும்பி வந்தது. மறுபடி கழற்றினான், மறுபடி மாட்டினான், மறுபடி வந்தது. பழைய ஃபோர்மேன் விலகுகிற நேரம் அது. அந்த நாற்காலி ஃபோர்வீலுக்குத்தான் என்று எல்லோரும் பேசிக்கொண்டிருந்தார்கள். முதலாளி எல்லோர் முன்னாலும் அவனைப் பிடித்துக்கொண்டார்.

"இதுகூடத் தெரியலன்னா நீ எதுக்குய்யா? சாயங்காலத்துக்குள்ள சரியாகலன்னா, நாளைலேருந்து வேற எடம் பாத்துக்க."

அப்போதுதான் நர்ஸம்மா எங்கள் இருவரிடமும் சொன்னார். "வெயில்ல ஒண்ணும் இல்லப்பா. மழை இருட்டுல முன் லைட்டைப் போட்டா மட்டும்தான் இப்படி."

எனக்கு அந்த நிமிடமே தெரிந்துவிட்டது. குட்டி மோட்டாரைத் திருப்பிவிடுகிற கன்ட்ரோல் பெட்டிக்கும் எர்த் அதே போல்ட்தான். லைட்டைப் போட்டதும் எல்லாக் கரண்ட்டும் அந்த ஒரு இடுக்கு வழியாகத் திரும்பப் பார்க்கிறது, பெட்டி திணறிப்போய்ப் பின் சக்கரங்களை விட்டுவிடுகிறது. ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. சந்தோஷமாக இருந்தது, அதையும் எழுதிவிடுகிறேன்.

லைட் பார்ப்பது இரண்டு ஆள் வேலை. ஒருவன் உள்ளே உட்கார்ந்து சுவிட்சைப் போடுவான், இன்னொருவன் முன்னால் நின்று சொல்லுவான். ஃபோர்வீல் உள்ளே ஏறினான். என்னை முன்னால் நிற்கச் சொன்னான்.

"எரியுதா அண்ணே?"

"எரியுது."

பட்டனை அமுக்கினான். என் கண் முன்னாலேயே லைட் இரண்டும் சுருங்கி மஞ்சளாகின.

"இப்போ மங்குதா அண்ணே?"

"இல்லப்பா. நல்லாத்தான் எரியுது."

உள்ளே பச்சை விளக்கு எரிந்து அணைந்தது. அவன் லைட்டை அணைக்காமல் இறங்கி முன்னால் வந்தான், லைட்டைப் பார்த்தான், பானெட்டைத் திறந்தான். நேராக அந்தப் போல்ட்டைத்தான் கழற்றினான். ஒயர் முனைக்கு அடியில் என் கறுப்புப் பெயிண்ட். நிமிர்ந்து என்னைப் பார்த்தான். நான் சுவரில் மாட்டியிருந்த ஸ்பேனர்களைப் பார்த்தேன். அவன் பாக்கெட்டிலிருந்து உப்புத்தாளை எடுத்து, இரும்பு தெரிகிறவரை தேய்த்து, ஒயரை வைத்து முறுக்கினான். உதிர்ந்த பெயிண்ட் தூளையும் துணியால் துடைத்தான். பாவி, அப்போதும் சுத்தம்.

பட்டனை அமுக்கியதும் பச்சை விளக்கு நின்று எரிந்தது. முதலாளி என்ன கோளாறு என்று கேட்டார்.

"எர்த் சார். அண்ணன்தான் கண்டுபிடிச்சாரு."

ஊருக்கெல்லாம் பல்பு மாட்டுகிறவன், அன்றைக்குப் பெரிய பல்பாக வாங்கினேன். பெயிண்ட் அடித்தது யார் என்று முதலாளி கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. மறு மாதம் நான் ஃபோர்மேன். வீட்டிலும் அவன் அதையே சொல்லி வைத்திருக்கிறான். "பெரிய மாப்பிள்ளைதான் கண்டுபிடிச்சாராமே" என்று மாமியார் என் தட்டில் இன்னொரு கரண்டி போட்டார். இத்தனை வருடமாக நான் எதிர்பார்த்த பாராட்டு, தட்டிலேயே கிடந்தது.

இரண்டு வருடம் ஆகிறது. ஒரு தடவைகூட அதை அவன் குத்திக்காட்டியதில்லை. காட்டியிருந்தால் சண்டை போட்டாவது ஆறியிருப்பேன். நல்லவனாக இருப்பதிலும் என்னை முந்திக்கொண்டான். இன்றைக்கும் வண்டிக்குள் உட்கார்ந்துகொண்டு, "எரியுதா அண்ணே?" என்று கேட்கிறான். எரியுது என்கிறேன். அதில் பொய்யே இல்லை.

முதலாளி, ஐந்து வரி என்னால் ஆகவில்லை. இந்தத் தாளையே படத்துக்குக் கீழே மாட்டிவிடுங்கள். ஃபோர்மேன் நாற்காலியை அவனிடம் கொடுத்துவிடுங்கள். உட்காருவதற்கு முன்னால் அவனே துடைத்துக்கொள்ளட்டும், என்னைவிட நன்றாகத் துடைப்பான்.