நான் சண்டை பிடித்த இடம்

என் கணவர் கண்டிக்குப் பக்கத்தில் பல்லேகலயில் ஒரு தொழிற்சாலையில் வேலை பார்த்தார். ஒரு காலை சப்பாத்து போடக் குனிந்தவர் அப்படியே சரிந்தார். பாரிசவாதம். வலக்கையும் வலக்காலும் விழுந்துவிட்டன, பேச்சும் போய்விட்டது.

ஆஸ்பத்திரியிலிருந்து கெலிஓயா வீட்டுக்குக் கொண்டுவந்ததும் அவருடைய அக்கா கடுகண்ணாவையிலிருந்து வந்தார். கட்டிலருகே நின்றுகொண்டு சொன்னார்: "குலசாமிய விட்டுட்டு ஒன் பின்னால சர்ச்சுக்கு வந்தான்ல, அதான் அடிச்சிருச்சி."

"எந்தச் சாமியும் அடிக்கல மதினி. பிரஷர் மாத்திரைய நிப்பாட்டிட்டாரு, அவ்வளவுதான்."

மதினி நான் கொடுத்த தண்ணீரைக்கூடத் தொடாமல் போனார்.

அடுத்து எங்கள் சபையின் ஜெபக் குழு வந்தது. இவர்களாவது ஆறுதலாக நாலு வார்த்தை பேசுவார்கள் என்று தேநீர் ஊற்றினேன். உரக்க ஜெபித்து முடித்த குழுத் தலைவி, கோப்பையைக் கையில் வைத்தபடியே சொன்னார்: "வீட்டுல மறைச்சு வச்ச பாவம் ஏதும் இருக்கான்னு யோசிச்சுப் பாருங்க. ஆண்டவர்கிட்ட அறிக்கை பண்ணினா சுகம் வரும்."

என் கணவருக்குப் பேச்சுத்தான் இல்லை, காது நன்றாகக் கேட்கும். அவர் கண்ணிலிருந்து நீர் வழிந்து தலையணையில் இறங்கியது. நான் அந்தக் கோப்பையைப் பிடுங்கினேன்.

"எழும்புங்க. இனி இந்த வாசப்படி மிதிக்காதீங்க."

அதன்பின் வெகுநாள் யாரும் வரவில்லை. என் கோபம் மட்டும் வீட்டுக்குள் சுற்றிச் சுற்றி வந்தது. கடைசியில் அது படுத்திருக்கும் மனிதர்மேல்தான் பாயும் என்று பயந்தேன்.

மருந்து எடுக்கக் கண்டிக்குப் போன ஒரு பகலில், திறந்திருந்த தேவாலயம் ஒன்றுக்குள் நுழைந்தேன். உள்ளே ஒருவரும் இல்லை. முழங்காலிடவில்லை. ஜெபத்தில் பழகிய 'நீர்' என்ற சொல் வாயில் வரவில்லை, 'நீ' என்றுதான் வந்தது. "நீயும் அவங்க கட்சியா? அந்த மனுசன் ஒனக்கு என்ன செஞ்சாரு?" வெட்கமில்லாமல் சத்தம் போட்டேன். தொண்டை கட்டும்வரை திட்டினேன்.

பதில் ஒன்றும் வரவில்லை. ஆனால் ஆண்டவர் என்னைக் குற்றம் சொல்லவில்லை, எழும்பிப் போகச் சொல்லவுமில்லை. அத்தனை நாளில் என்னை முழுவதும் பேசவிட்டவர் அவர் ஒருவர்தான். அன்று வீட்டுக்கு வந்து, முகம் சுளிக்காமல் கணவருக்குச் சோறு ஊட்டினேன். அதற்குப் பிறகு மருந்துக்குப் போகும்போதெல்லாம் அங்கே போய்ச் சண்டை பிடித்தேன்.

மதினி மறுபடி வந்தார், இம்முறை ஆட்டோவுடன். "தம்பிய நாங்க கூட்டிக்கிட்டுப் போறோம். கோயில்ல வச்சுக் குணமாக்குறோம்."

நான் வாய் திறக்குமுன் என் கணவர் இடக்கையால் கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டார். அக்காவைப் பார்த்துத் தலையை இல்லையென்று ஆட்டினார். அவர் கையை விடுவிக்க மதினி இழுத்துப் பார்த்தார், முடியவில்லை. ஆட்டோ வெறுமையாகத் திரும்பியது.

இப்போது அவர் பொல்லூன்றி முற்றம்வரை நடக்கிறார், சில சொற்கள் பேசுகிறார். மதினி எங்களோடு பேசுவதில்லை. ஜெபக் குழுவை நான் இன்னும் மன்னிக்கவில்லை. அதையும் ஆண்டவரிடம் நேராகவே சொல்லியிருக்கிறேன்.